சாலையோர நினைவுக் கல்லில் எதை எழுதுவது? (மவுண்ட் எட்ஜ்கூம்ப், நேட்டால், தென்னாப்பிரிக்கா)

வடகரை ஆசிரியர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் மவுண்ட் எட்ஜ்கூம்ப்புக்கு அருகில், பழைய பெருஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் லைன்கள் என்ற வரிசை வீடுகள் ஒரு காலத்தில் நின்றிருந்த மேட்டின் அடிவாரத்தில், சாலையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இடுப்பளவு உயரமுள்ள ஒரு சிமெண்டுத் தூண் நிற்கிறது. அதில் பதித்திருந்த வெண்கலப் பலகையை யாரோ சில ஆண்டுகளுக்கு முன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே மிஞ்சியிருப்பவை நான்கு போல்ட் துளைகளும், மழையில் வெண்கலம் கசிந்து கீழே இறங்கிய பச்சைக் கறையும்தான். பலகை இருந்தவரை எங்களில் ஒருவரும் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை. இந்தியக் குடியேறிகளின் உழைப்பை நினைவுகூர்வதாக ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. நாள்தோறும் அதைக் கடந்து பள்ளிக்குப் போய்வந்த எனக்கே இந்த நிலை என்பது வருத்தமாக இருக்கிறது.

கோயில் நிர்வாகக் குழுவினர் அதே இடத்தில் மறுபடியும் ஒரு கல் வைப்பதென்று தீர்மானித்து, வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு மொழிக்கு எழுபது சொற்களுக்கு மேல் கல்லில் இடமில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று இரண்டு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் 342 பேரைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதும், அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள் என்பதும், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள் என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள். ஆனால் இந்த எண்கள் துறைமுகத்தில் வைக்கும் கல்லுக்குத்தான் பொருந்தும். எங்கள் மேட்டில் நின்று படிப்பவருக்கு எங்கள் மேட்டின் கதையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

எங்கள் மேட்டின் கதை என்றால் அது 1913 நவம்பர் மாதம்தான். வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் மூண்ட வேலைநிறுத்தம் கடற்கரைத் தோட்டங்களுக்குப் பரவியபோது, இந்தப் பகுதியில் கரும்பு வெட்டியவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அவர்களை வேலைக்குத் திருப்ப வந்த காவலர்கள் சுட்டார்கள், தொழிலாளர்கள் இறந்தார்கள். பச்சையப்பன், செல்வன் என்ற பெயர்கள் பதிவில் இருக்கின்றன. இதைக் கல்லில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம். குழுவில் மூத்தவர் ஒருவர், எனக்கு மாமா முறை, இதற்கு உடன்படவில்லை. சாலையில் போகிறவன் படிக்கும் கல்லில் இரத்தத்தை எழுதக்கூடாது, கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்று எழுதினால் போதும் என்கிறார். அவர் அந்த லைனிலேயே பிறந்தவர் என்பதால் அவர் சொல்லைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் எழுதினால் படிக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. இதுபோன்ற கல் வைத்த அனுபவம் உள்ளவர்களும், இந்த வரலாற்றை அறிந்தவர்களும் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

—

கல்வேலைக்காரர் மகன் எழுதியது:

ஐயா, வணக்கம். என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் கல்லறைக் கற்கள் வெட்டியவர். நானும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் வாசகத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, கல்லைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில், குழி தோண்டுவதற்கு முன் நிலம் யாருடையது என்று பாருங்கள். சாலையின் விளிம்பு நகராட்சிக்கோ மாகாணச் சாலைத் துறைக்கோ உரியதாக இருக்கும்; எழுத்தில் அனுமதி பெறாமல் வைத்த கல்லைச் சாலை அகலப்படுத்தும் நாளில் ஒரே காலையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதைவிட முக்கியமானது வேறொன்று. பழைய லைன்களுக்குப் பக்கத்தில் அடையாளமில்லாத கல்லறைகள் இருப்பது வழக்கம். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, முறையான இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறையை அனுமதியின்றித் தொடக்கூடாது. அறுபது ஆண்டு கடந்த கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ கூடாது. லைன் சுவரின் அடித்தளம் ஒரு முழம் மிஞ்சியிருந்தாலும் அது உங்களுக்குத் துணையாக நிற்கும் சட்டம் என்பதை நினைவில் வையுங்கள். ஓர் இடத்தை மரபிடமாக அறிவிக்கும்படி குடிமக்கள் யாரும் முன்மொழியலாம் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. கோயில் குழுவின் பெயரில் மாகாண மரபு அமைப்புக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். பதில் வரத் தாமதமானாலும் உங்கள் இடம் ஒரு கோப்பில் ஏறிவிடும்.

இரண்டாவது, வெண்கலம் வேண்டாம், பித்தளையும் வேண்டாம். பழைய உலோகக் கடையில் எடைபோட்டு விற்கக்கூடிய எதுவும் இந்நாட்டுச் சாலையோரத்தில் நிலைக்காது. கருங்கல்லில் எழுத்தை ஆழமாக வெட்டுங்கள். வெட்டிய எழுத்துக்குப் பொன்வண்ணம் பூசினால் திறப்பு விழா அன்று அழகாக இருக்கும், ஆனால் கடற்காற்று சில ஆண்டுகளில் அதைத் தின்றுவிடும். அதன் பிறகு எழுத்தைக் காட்டப்போவது வெட்டின் நிழல் மட்டும்தான். ஆகவே ஆழம் குறையக்கூடாது, கல்லும் காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி நிற்க வேண்டும்.

தமிழ் வெட்டுவதில் ஒரு தனித் தொல்லை உண்டு. இங்குள்ள பட்டறைகளின் கணினிகளில் தமிழ் எழுத்து பெரும்பாலும் சிதறிவிடும். 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பும் ககரமும் காலும் தனித்தனியாக ஓடிப் போயிருக்கும். வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாதாகையால் திரையில் தெரிவதை அப்படியே வெட்டிவிடுவார். ஆகவே எழுத்தாக அனுப்பாமல், கோட்டுப் படமாக மாற்றி அனுப்புங்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். புள்ளி விடுபட்டால் 'கல்' என்பது 'கல' என்றாகிவிடும். என் தந்தையார் புள்ளியை மட்டும் கடைசியில் தனி உளியால் தம் கையாலேயே குத்துவார். அதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

வாசகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 'முதல்' என்ற சொல்லைப் போடாதீர்கள். முதல் கோயில், முதல் பள்ளி என்று நம் மக்கள் ஊருக்கு ஊர் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர் சந்தித்தால் அந்தச் சொல்லால் வருத்தம்தான் மிஞ்சுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை 1893 ஜூன் 7 இரவு முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கியதைச் சொல்லும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். உலகமே வந்து படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பலகைகூட, இதற்கு அருகில் நடந்தது என்றுதான் சொல்கிறதே தவிர, இதோ இந்தக் கல்லில்தான் விழுந்தார் என்று சொல்லவில்லை. எழுதியவர் தமக்குத் தெரிந்த அளவோடு நின்றிருக்கிறார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

—

நியூகாசல்வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மாமாவின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். என் பாட்டியும் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆயினும் கல்லில் 1913 இருக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். அதற்கான காரணத்தை எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசல் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். அந்த வரி என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்க ஒரு கணக்குப் போதும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. ஒப்பந்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பாமலும், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இங்கேயே தங்க விரும்பியவர் ஆண்டுதோறும் அதைக் கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 1903இல் பதினாறு வயது கடந்த பையன்களுக்கும் பதின்மூன்று வயது கடந்த பெண்பிள்ளைகளுக்கும் அதை நீட்டினார்கள். பிள்ளை வளர வளரக் கடன் வளரும் வீடு எப்படி இருந்திருக்கும்!

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் இடம் கொடுத்தவர் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். இரண்டு மூன்று அறைகள் கொண்ட அவருடைய சிறிய வீட்டின் முற்றத்தில் இரவும் பகலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அங்கிருந்து சார்லஸ்டவுனுக்கு முப்பத்தாறு மைல் நடந்தார்கள். அந்த நடையில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும் பட்ட துன்பத்தால் இறந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் போய்விட்டது. அந்தத் தாய்மார் அதன் பிறகும் நடந்தார்கள். நவம்பர் 6ஆம் நாள் காலை ஆறரை மணிக்கு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் புறப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்சு சர்க்கரையும்தான் உணவு. வோல்க்ஸ்ரஸ்ட் தாண்டி பாம்ஃபோர்டில் முதல் இரவு தங்கினார்கள். பின்னர் அவர்களைப் பிடித்து ரயிலேற்றித் திரும்பக் கொண்டுவந்து, சிறையில் இடமில்லாததால் சுரங்க வளாகங்களையே சிறையாக அறிவித்து, சுரங்க அலுவலர்களையே சிறைக்காவலர் ஆக்கினார்கள். நேற்றுவரை வேலை செய்த இடம் இன்று சிறை, நேற்றைய மேலாள் இன்று வார்டன்!

இன்று அதே சாலையில் நிலக்கரி லாரிகள் ஓடுகின்றன. பேரப்பிள்ளைகளை அந்த வழியாக அழைத்துச் செல்லும்போது ஓர் ஓடைப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, கைக்குழந்தையின் கதையைச் சொல்வது என் வழக்கம். அங்கே இறங்கி நின்று கேட்கும்போது பிள்ளைகள் அலைபேசியைப் பையில் வைத்துவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்தபோது அவர்கள் அப்படி அமைதியானதில்லை. சாலையோரக் கல்லுக்குள்ள வலிமை இதுதான் என்று நினைக்கிறேன்: நடந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு கேட்பது.

கோயிலும் பள்ளியும் அவர்கள் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோயில் தானே நின்று பேசும், பள்ளியும் பேசும். லைன் இடிந்துவிட்டது, கத்தியைக் கீழே வைத்தவர்கள் போய்விட்டார்கள். பேச வாயில்லாததற்குத்தான் கல் வேண்டும். மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள் ஐயா. இரத்தத்தை எழுதவில்லை, அவர்கள் வேலையை நிறுத்தத் துணிந்ததை எழுதுகிறோம். சுட்டது அதற்குக் கிடைத்த பதில், ஆகவே அதையும் எழுதுகிறோம்.

—

பட்டியல் வாசகி எழுதியது:

வணக்கம். கப்பல் பட்டியல்களில் குடும்பங்களைத் தேடித் தருவதில் பல ஆண்டுகளைக் கழித்தவள் என்ற முறையில், பெயர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், அனுப்பப்பட்ட தோட்டம் என்று வரிசையாக இருக்கும். கிராமப் பெயரைச் சொன்னவர் வடஆர்க்காட்டுத் தமிழிலோ தஞ்சாவூர்த் தமிழிலோ சொல்லியிருப்பார். எழுதிய எழுத்தர் தம் காதுக்கு எட்டியதை ஆங்கிலத்தில் எழுதினார். டர்பனில் அதைப் படித்தவர் வேறு மாதிரி உச்சரித்தார். தோட்டத்து மேலாளான சர்தார் கூப்பிட்டது இன்னொரு மாதிரி. இப்படித்தான் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், கிருஷ்ணன் கிஸ்டன் ஆனார், குப்புசாமி கூப்பூசாமி ஆனார். நம்மில் பலர் கடவுச்சீட்டில் ஒரு பெயரும் தாத்தா நாவில் ஒரு பெயருமாக வாழ்கிறோம். ஒரு பெயரின் பழைய வடிவத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்போது, அறுபது வயது ஆண்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள்.

ஆகவே தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இது. எல்லோரும் படிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெயர்கள் தமிழில் இருந்தால்தான் அவை அந்த மனிதர்களின் பெயர்கள். பச்சையப்பன் என்ற பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு அது வெறும் எழுத்துக் கோவை. தமிழில் எழுதி ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால், பச்சையப்பன் என்று ஒரு தாய் கூப்பிட்ட குரல் அதில் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையை அந்தக் கல்லின் முன் நிறுத்தி இது என்ன எழுத்து என்று கேட்க வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த லைனில் தமிழர் மட்டும் இருக்கவில்லை. விசாகப்பட்டினத்துத் தெலுங்கர்கள் இருந்தார்கள், கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தமிழில் எழுதுங்கள், தமிழரைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்.

பெண்களைப் பற்றியும் கேட்க வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. பெண்ணுக்குக் கூலியிலும் அரிசியிலும் பாதிதான். பட்டியலில் என் ஆயாவின் தாயைக் கண்டபோது, வயது பத்தொன்பது என்றும் இடது முழங்கையில் தழும்பு என்றும் இருந்தது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அடுப்பில் கொதித்த கஞ்சி என்பார்கள். எழுத்தர் அதை ஆளை அடையாளம் காண எழுதினார், எங்களுக்கு அது அவர் கையைத் தொட்டுப் பார்த்தது போல் இருந்தது. இத்தகைய பெண்களை 'தொழிலாளர்களும் அவர்களுடைய மனைவியரும்' என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் தமக்கென ஓர் எண்ணோடு வந்த தொழிலாளர்கள்.

தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். 1898 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1913 போராட்டத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் இருந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914இல் தம் பதினாறாம் பிறந்தநாளன்றே இறந்தார். அவருக்கும், 1909 ஜூலை 6 அன்று இறந்த சத்தியாகிரகி நாகப்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் காந்தி 1914 ஜூலையில் நினைவுக் கல் திறந்து வைத்துவிட்டுத்தான் இந்நாட்டை விட்டுப் புறப்பட்டார். அந்தக் கற்கள் மறுபடியும் சீராக நிற்பதைக் காண 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல் வைப்பதோடு வேலை முடியவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் குழுவில் யார் ஆண்டுக்கொரு முறை புல் வெட்டுவார், யார் எழுத்தைக் கழுவுவார் என்பதையும் தீர்மானத்தில் எழுதி வையுங்கள்.

—

உம்கேனிக் கரையோன் எழுதியது:

அக்கா சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஜூலு மொழி. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் அதே சாலையில் நடக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு வரியும் இல்லாத கல், அவர்களுக்கு நம் வேலியாகத் தோன்றும். மொழிபெயர்ப்பை நாமே செய்யாமல், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

என் பக்கத்து ஊரின் கதையும் இதற்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். 1917 அக்டோபர் 28 அன்று டர்பனில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் தகர வீடுகளில் வாழ்ந்த நம் மக்களை வாரிக்கொண்டு போனது. அந்த இருட்டில் படவட்டன் குடும்பத்து மாரிமுத்துவும் அவரோடு ஐந்து மீனவர்களும் படகைச் செலுத்தி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். இந்தச் செய்தி எங்களுக்கு வந்தது கல்லிலிருந்து அல்ல, கிழவர்கள் வாயிலிருந்து. கிழவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மாமா லைனில் பிறந்தவர் என்றீர்கள். வாசகத்தைப் பற்றி அவரோடு வாதிடுவதற்கு முன், அவர் சொல்வதை ஒரு நாள் உட்கார்ந்து பதிவு செய்துவிடுங்கள் ஐயா.

—

வடகரை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் என் நன்றி. கடைசியாக எழுதிய தம்பியின் சொல்லை முதலில் கேட்டேன். ஞாயிறு மாலை மாமாவின் வீட்டுக்குப் போய் இரண்டரை மணி நேரம் அவர் பேசுவதைப் பதிவு செய்தேன். லைனில் எத்தனை அறைகள், தண்ணீர்க் குழாய் எந்த மூலையில், கங்குல் மணி அடிப்பவர் யார், பெரிய வெள்ளியன்று தோட்டத்துக்கு விடுமுறை என்பதால் அன்று மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்தது, எல்லாவற்றையும் சொன்னார். சுட்ட கதையை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவருடைய தாத்தா அந்த மாதம் முழுவதும் இரவில் விளக்கேற்ற விடமாட்டாராம்.

அனுமதிக் கடிதங்களை நகராட்சிக்கும் மரபு அமைப்புக்கும் அனுப்பிவிட்டோம். தமிழ், ஜூலு, ஆங்கிலம் மூன்றும் கல்லில் இருக்கும். தமிழ் வாசகத்தின் வரைவு கீழே.

"இந்த மேட்டில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்தன. தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசிய ஆண்களும் பெண்களும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கப்பட்டது. அதை எதிர்த்து 1913 நவம்பரில் இவர்கள் வேலையை நிறுத்தினார்கள். இப்பகுதித் தோட்டங்களில் தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். பச்சையப்பன், செல்வன் முதலானோர் உயிரிழந்தார்கள். 1914இல் வரி நீங்கியது. இவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்தக் கல்லை வைத்தோம்."

பிழை இருந்தால் திருத்துங்கள்.

—

நியூகாசல்வாசி எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது ஐயா. இரண்டு இடங்களை மட்டும் மாற்றச் சொல்வேன். 'வரி விதிக்கப்பட்டது' என்பதிலும் 'சுடப்பட்டார்கள்' என்பதிலும் செய்தவர் காணாமல் போகிறார். வரி தானாக வந்து விழவில்லை, குண்டும் தானாகப் பாயவில்லை. 'நேட்டால் அரசு வரி விதித்தது', 'காவலர் சுட்டதில் பச்சையப்பன், செல்வன் முதலானோர் இறந்தார்கள்' என்று எழுதினால் சொல்லும் குறையும், உண்மையும் நிமிர்ந்து நிற்கும். 'வரி நீங்கியது' என்பதையும் பாருங்கள். பனி நீங்குவது போல அது நீங்கவில்லையே. 'வரியை நீக்க வைத்தார்கள்' என்று எழுதுங்கள்.

—

கல்வேலைக்காரர் மகன் எழுதியது:

'ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கியவர்களுக்கு' என்பது ஒரே வரியில் அடங்காது, 'தங்கியவர்களுக்கு' இரண்டாக உடையும். 'ஒப்பந்தம் முடிந்தும் தங்கியோருக்கு' என்று சுருக்கினால் அடங்கும். மெய்யெழுத்துப் புள்ளிகளை எண்ணி அனுப்புங்கள். பட்டறையிலிருந்து மாதிரித் தாள் வந்ததும் எண்ணிக்கையை நான் ஒத்துப் பார்த்துத் தருகிறேன்.

—

வடகரை ஆசிரியர் எழுதியது:

எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டேன். நேற்று திருத்திய படியை மாமாவிடம் படித்துக் காட்டினேன். காவலர் சுட்ட வரியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை படித்தபோது 'ஆண்களும் பெண்களும்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, பிள்ளைகளும் வெட்டிய கரும்பைச் சுமந்தார்கள், நானும் சுமந்தேன், அதை ஏன் விட்டாய் என்று கேட்டார். நீங்கள் சுருக்கிக் கொடுத்த இடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. 'ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும்' என்று மாற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன்.